கூரை ஒழுகிய கூட்டங்கள்

ஜூன் 14, 2025. சனி

கோதண்டராமன் சார் மூன்றாம் இயலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். என் ஆய்வு வழிகாட்டி, தங்கமான மனிதர். ஆனால் ஆறு வருடமாக அவருக்கு யூதர்களின் ரப்பி என்றால் அர்ச்சகர்தான். அதிலிருந்து அவரை அசைக்க முடியவில்லை.

"ஜெர்மனியில கோயில எரிச்சிட்டாங்க. அர்ச்சகர் தப்பிச்சு ஆஸ்திரேலியா போயிட்டாரு. சரி. அங்க மூலவர் இல்லியே? மூலவர் இல்லாம அவருக்கு என்னம்மா வேல?"

பிறந்ததிலிருந்து கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவர் வேறு எப்படிக் கேட்பார்! ரப்பி பூசை செய்கிறவர் இல்லை சார், வேதம் படித்தவர், சட்டம் சொல்கிறவர், பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறவர், கல்யாணத்துக்கும் சாவுக்கும் முன்னால் நிற்கிறவர், எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் மாதிரி என்று எத்தனையாவது முறையோ சொன்னேன்.

"அப்ப மூலவரே கெடையாதா?"

"இருக்காங்க சார். கமிட்டி."

வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு, அக்டோபருக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு காலாவதி ஆகிவிடும் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

ஜூன் 15

மூன்றாம் இயலைத் திறந்தேன். மூடினேன்.

ஜூன் 21. சனி

சாருக்குப் புரிகிற மாதிரி முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

ரப்பி பெர்னோ லிண்டவர். ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். 1938 நவம்பரில் அவருடைய தொழுகைக் கூடத்தை நாஜிகள் கொளுத்தினார்கள். அடுத்த வருடம் மனைவியோடும் நான்கு வயது மகள் மிரியமோடும் மெல்போர்னில் கப்பலிலிருந்து இறங்கினார். நாற்பதைத் தாண்டிய வயது, ஆங்கிலம் வராது. ஜெர்மன் உச்சரிப்பில் பேசுகிற ஆளை யுத்த காலத்தில் யார் மேடையேற்றுவார்கள்? ஜாம் தொழிற்சாலையில் பாட்டில் கழுவினார். நான்கு வருடம் கழித்து ஒரு புறநகர்த் தொழுகைக் கூடத்தின் கமிட்டி அவரை 'ஆறு மாதத்துக்குத் தற்காலிகமாக' எடுத்துக்கொண்டது. அந்த ஆறு மாதம் ஆறு வருடம் இழுத்தது. பெரும்பாலான கூட்டங்களில் 'ரப்பியின் நிலை' என்று ஒரு பொருள் வரும், ஒத்திவைக்கப்படும். 1949-இல்தான் நிரந்தரம் செய்தார்கள். பிறகு இருபது வருடம் அங்கேயே இருந்து, அந்த ஊரே மதிக்கும் மனிதராகிச் செத்துப்போனார்.

என் ஆய்வில் மூன்று ரப்பிகள். ஒருவர் பொலிவியாவில் கணக்கு வாத்தியார் ஆனார், ஒருவர் லண்டன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லப் போனார். ஆனாலும் என் செல்லம் லிண்டவர்தான். அவருடைய பேரன் டேனியல் ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் எங்கள் ஊருக்கு வந்து, ஆசிரமம் இருக்கும் செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்குகிறவர். ஆறு வருடம் முன்பு ஜெராக்ஸ் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றுகொண்டு, "என் தாத்தா ரப்பி" என்றார். நான் கேட்ட கேள்விகளில் அவர் தன் முறையைத் தவறவிட்டார். கமிட்டியின் கூட்டக் குறிப்புகளையும் அவர்தான் ஸ்கேன் செய்து அனுப்பினார். மெல்போர்னில் இருக்கும் அம்மாவிடமும் அவர்தான் சொல்லிவைத்தார். மிரியம் அம்மாவுக்கு இப்போது தொண்ணூறு வயது. போனில் என்னை 'டாக்டர்' என்கிறார். இன்னும் ஆகவில்லை என்றால், "ஆகிவிடுவாய், நேரத்தை மிச்சப்படுத்துகிறேன்" என்கிறார்.

எனக்குத் தெரிந்து தமிழில் இந்த மனிதர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். திருவண்ணாமலை ஹார்டுவேர் கடை சாந்த் பாஷா மகள் ஜாஹிரா எழுதுகிறேன். இதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. டைரியில்கூடப் பெருமைப்படக் கூடாதென்றால் வேறு எங்கே?

ஜூன் 22

மாமூ மகன் ஜுபைர் வந்தான். எனக்குத் தம்பி முறை. ஆபா, ஆபா என்று காலைச் சுற்றி வளர்ந்தவன். இன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டான்.

"காஸால என்ன நடக்குதுனு பாக்குறே இல்ல ஆபா? அப்பறமும் இவங்களப் பத்தியே எழுதுறியே?"

"பாத்துட்டு அழுவுறதும் நான்தான்டா. ஊரவிட்டு ஓடிவந்த மனுஷன் பாட்டில் கழுவுனத எழுதறதும் நான்தான். ரெண்டுக்கும் ஒரே கண்ணுதான் இருக்கு எனக்கு."

டீயைக் குடித்தான். கோபம் இல்லை அவனுக்கு, வருத்தம். எனக்கும் இருக்கிறது.

ஜூன் 29. ஞாயிறு

பள்ளிவாசல் மாடியில் பூச்சு வேலை நடக்கிறது. அதனால் கமிட்டிக் கூட்டம் எங்கள் வீட்டு ஹாலில். அப்பாதான் முத்தவல்லி, அதாவது கமிட்டித் தலைவர். டீ போடுவது நான். அடுப்படியிலிருந்து எல்லாம் கேட்கும்.

விஷயம் ஹஜ்ரத்தைப் பற்றி. பீகாரிலிருந்து வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அருமையாக ஓதுவார். ஆனால் வெள்ளிக்கிழமை பயானை, அதாவது பிரசங்கத்தை, அவர் ஊர் உருதுவில்தான் செய்கிறார். எங்கள் வீடுகளில் பேசுகிற உருது பாதி தமிழ். அவருடையது வேறு ரகம். இளவட்டங்களுக்குப் பாதி புரிவதில்லை.

"நல்ல மனுஷன்தான், இல்லேங்கல. ஆனா ஜும்மாவுல என்ன சொன்னாருனு என் புள்ள கேட்டா எனக்கே தெரியல. தமிழ் தெரிஞ்ச ஹஜ்ரத்த போடுங்க" என்றான் ஜுபைர். அவன் கூட்டாளி அப்ரோஸும் ஆமாம் போட்டான். சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதை மறுக்க முடியாது.

அப்பா, "பேசிடலாம், அவசியம் பேசிடலாம்" என்றார். அடுத்த மூச்சில், "ஆமா, பள்ளிவாசல் போர் மோட்டார் என்னாச்சு?" என்றார். அவ்வளவுதான். தஸ்தகீர் மாமூ, பொருளாளர், ஊருக்கே மாமூ, மோட்டார் மெக்கானிக்கின் பாட்டன் வரைக்கும் போய்த் திட்டிவிட்டு வந்தார். மாலைத் தொழுகைக்கு மக்ரிப் பாங்கு கேட்டது. கூட்டம் கலைந்தது. ஹஜ்ரத் விஷயம் அடுத்த மாதத்துக்கு.

எல்லோரும் போன பிறகு கேட்டேன், "ஒரு முடிவு சொல்ல என்னப்பா பயம்? இருக்கட்டும்னு சொல்லுங்க, இல்ல போகட்டும்னு சொல்லுங்க. அந்த மனுஷன ஏன் தொங்கல்ல விடறீங்க?"

"சோறு வை" என்றார்.

ஜூன் 30

ஆத்திரத்தோடு எழுதினால் எழுத்து ஓடுகிறது. லிண்டவரின் கமிட்டியைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டேன். மூன்றாம் இயலுக்குப் புதுத் தலைப்பு: 'தொங்கலில் ஆறு ஆண்டுகள்.' உலகத்தில் எல்லாக் கமிட்டியும் ஒரே கமிட்டிதான்!

ஜூலை 10. வியாழன்

பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே. கல்லூரிக்குப் போக வழியில்லை, நல்லதாகப் போயிற்று. மிரியம் அம்மாவோடு நெடுநேரம் பேச்சு.

ஐசக் பிளாக்மன் என்பவரைப் பற்றிக் கேட்டேன். கூட்டக் குறிப்புகளில் அடிக்கடி வருகிற பெயர், மரச்சாமான் வியாபாரி. அந்தப் பெயரைக் கேட்டதும் குரலே மாறிவிட்டது.

"அந்த ஆளா! ஒவ்வொரு கூட்டமும் முடிந்து அவர்தான் எங்கள் வீட்டுக்கு வருவார். தொப்பியைக்கூடக் கழற்றமாட்டார். 'அடுத்த முறை பார்க்கலாம், ரப்பி' என்பார். அவ்வளவுதான். கூட்ட நாளில் அப்பா சாப்பிடமாட்டார். வீடு கமிட்டியுடையது, எப்போது காலி செய்யச் சொல்வார்களோ என்று அம்மா ஜன்னலுக்குத் திரைச்சீலைகூடத் தைக்கவில்லை. ஆறு வருடம் தெருவே எங்களைப் பார்த்தது. அந்த ஆளின் சாவுக்கு நான் போகவில்லை. என் பிள்ளைகளையும் போகவிடவில்லை."

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தத் தொப்பியை அப்படியே இயலில் எழுதிவிட்டேன்.

ஜூலை 13

பஸ் நிலையத்தில் ஹஜ்ரத்தைப் பார்த்தேன். செங்கம், போளூர், வேட்டவலம் என்று பஸ் போர்டுகளை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு நின்றார். எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். தெரியும் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 3. ஞாயிறு

மறுபடி எங்கள் ஹால். மறுபடி ஹஜ்ரத். மறுபடி மோட்டார்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மோட்டார் போன மாதமே சரியாகிவிட்டது. எங்கள் கடையிலிருந்துதான் வால்வு போயிற்று. அப்பாவே எடுத்துக் கொடுத்தார். ஆனால் இன்று ஹாலில் உட்கார்ந்துகொண்டு, "ஓடுது, ஆனா ஒரு சத்தம் வருது தஸ்தகீர் பாய், எனக்கு மனசுக்கு சரியாப் படல" என்கிறார். தஸ்தகீர் மாமூ, "நானும் கேட்டேன், கேட்டேன்" என்று ஆரம்பித்தார். பாங்கு வரைக்கும் அந்தச் சத்தத்தைப் பற்றியே பேசினார்கள். ஜுபைர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அப்பா வியாபாரத்தில் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. இல்லாத சத்தத்துக்கு ஏன் இப்படி?

ஆகஸ்ட் 6. புதன்

உடனே எழுதிவிடுகிறேன்.

கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து கூட்டக் குறிப்புகளை மறுபடி எடுத்தேன். மேற்கோள் சரிபார்க்கத்தான். எப்போதும் 'ரப்பியின் நிலை' என்ற பகுதியை மட்டும் படிப்பேன். மற்றதெல்லாம் சந்தா, நாற்காலி, கூரை. இன்று சோம்பலில் முழுப் பக்கத்தையும் வாசித்தேன். 'கூரை ஒழுகுவது குறித்து திரு. பிளாக்மன் கவனத்துக்குக் கொண்டுவந்தார். விவாதம் நீண்டது. மாலைத் தொழுகை நேரமாகிவிட்டதால் மற்ற பொருள்கள் ஒத்திவைக்கப்பட்டன.'

மோட்டார்!

நூலகத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நூலகர் எழுந்து வந்து பார்த்தார். ஒவ்வொரு கூட்டமாகப் புரட்டினேன். ரப்பியின் பெயர் பட்டியலில் வரும்போதெல்லாம் கூரை ஒழுகுகிறது. ரப்பியின் பெயர் வராத கூட்டங்களில் ஒழுகுவதில்லை. கோடையில் ஒழுகுகிறது. மழையே இல்லாத மாதத்தில் ஒழுகுகிறது. ஒவ்வொரு தடவையும் அதை எழுப்புகிறவர் ஒருவர்தான். தொப்பியைக் கழற்றாத அந்த மரச்சாமான் வியாபாரி.

ஆறு வருடமாக இந்தக் காகிதம் என் கையில் இருக்கிறது. கூரையைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன்.

அதே நாள், சாயங்காலம்

கடைக்கே போய்விட்டேன். அப்பா கீல் எண்ணிக்கொண்டிருந்தார்.

"அப்பா, மோட்டார்ல சத்தம் வருதா?"

என்னைப் பார்த்தார். "வருதுனு சொன்னா வருது."

"ஹஜ்ரத்துக்காகவா?"

"ஓட்டு போட்டா இன்னிக்கு அவர் போயிடுவாரு. ஜுபைர் பக்கம் ஆளு ஜாஸ்தி, என் பக்கம் கம்மி. முடிவு பண்ணணும்னு நெனச்சா ஒரே கூட்டத்துல பண்ணிட்டுப் போயிடலாம்மா. ஒத்திவெக்கறதுதான் கஷ்டம். ஒரு ஆளு அதுக்குனு உக்காந்து வேல பாக்கணும்."

மெல்போர்ன் கூரையைச் சொன்னேன். கீலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். தூரத்துச் சொந்தக்காரன் கிடைத்துவிட்ட மாதிரி. "கடைசியா எப்படி முடிச்சாரு உன் ஆளு?" என்றார்.

1949 கூட்டத்தை போனிலேயே திறந்து படித்துக் காட்டினேன். ஜனவரி, அங்கே கோடை விடுமுறை. எதிர்த்துப் பேசுகிற மூன்று பேரும் ஊரில் இல்லை. முதல் பொருள்: ரப்பியை நிரந்தரமாக்குவது. முன்மொழிந்தவர் பிளாக்மன். கூட்டம் சீக்கிரமே முடிந்துவிட்டது. கூரை என்ற வார்த்தையே இல்லை.

"கெட்டிக்காரன்" என்றார் அப்பா.

அப்பாவைக் கோழை என்று நினைத்தேனே. இன்று கடை வாசலில் நின்றுகொண்டு அவரைப் பார்க்க எவ்வளவு பெருமையாக இருந்தது என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைகால் புரியாது அவருக்கு. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 10. ஞாயிறு

மிரியம் அம்மாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முட்டாள் நான்.

எல்லாவற்றையும் கேட்டார். ஒவ்வொரு கூட்டக் குறிப்பாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. என் அப்பாவிடம் ஒரே ஒரு வார்த்தை" என்றார். வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 19

டேனியலிடமிருந்து செய்தி. 'அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. தன் பேட்டியை ஆய்விலிருந்து எடுத்துவிடச் சொல்கிறார். மன்னிக்கவும், ஜாஹிரா.'

பேட்டி போனால் இயல் போயிற்று. மற்றது வெறும் கூரை.

ஆகஸ்ட் 23

கோதண்டராமன் சார் வீட்டில். நடந்ததைச் சொன்னேன். ஆறு வருடத்தில் முதல் தடவையாக மூலவரைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"கண்டுபிடிப்பும்மா இது. விட்டுடாத. பேட்டிக்குத்தான் அந்தம்மா அப்பவே சம்மதம் குடுத்துட்டாங்களே? பேரு மாத்தி போட்டுக்கோ. முடிஞ்சுது."

"வேணாம்னு சொன்னப்பறம் எப்படி சார் போடறது?"

"அக்டோபர் தாண்டினா ஆறு வருஷமும் வீண். யோசி."

யோசித்தேன். பஸ்ஸிலும் யோசித்தேன், வீட்டிலும் யோசித்தேன். போட மாட்டேன். அந்த அம்மாள் தன் வீட்டு ஜன்னலை எனக்குத் திறந்து காட்டினார். மூடு என்றால் மூடத்தான் வேண்டும். பட்டம் இல்லாமல் போனால் போகட்டும். வலிக்கிறதுதான், இருந்தாலும் இந்த முடிவைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

ஆகஸ்ட் 24

வெட்கமில்லை, சரி. அழுகை வருகிறதே, அதை என்ன பண்றது? ஆறு வருஷம்டீ ஜாஹிரா. ஆறு வருஷம்!

செப்டம்பர் 14. ஞாயிறு

மிரியம் அம்மா கேட்டது தலைக்குள்ளேயே சுற்றுகிறது. இன்று சாப்பிடும்போது அப்பாவிடம் அதையே கேட்டேன்.

"ஹஜ்ரத்கிட்ட நீங்க ஏன்ப்பா சொல்லல? 'நான் இருக்கேன், பயப்படாதீங்க'னு ஒரு வார்த்த?"

"சொன்னா அவர் மொகத்துல தெரிஞ்சிடும். பொய்யே வராத மனுஷன் அவரு. நாளைக்கே ஜுபைர் கண்டுபிடிச்சிடுவான், மோட்டார் செத்துடும். நானும் அவர் எதிர்ல மொகம் குடுத்துப் பேசறதில்ல, அதுக்குத்தான்."

"அந்த ரப்பி கூட்ட நாள்ல சாப்பிட மாட்டாராம்ப்பா. அவங்க வீட்டம்மா ஆறு வருஷமா ஜன்னலுக்குத் திரை போடலியாம். அந்தப் பொண்ணுக்கு இப்பத் தொண்ணூறு வயசு. இன்னும் ஆறல. அந்தக் கூரைக்காரர் காப்பாத்துனது சரிதான். கூடவே நோகடிச்சதும் அவருதானே?"

அப்பா கையை நிறுத்தினார். தட்டில் பாதி சோறு இருந்தது. கை கழுவப் போனார்.

இந்தக் கேள்வியும் பதிலும் அப்படியே மிரியம் அம்மாவுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. இயலுக்காக இல்லை. டேனியலுக்கு எழுதி அனுப்பினேன், அப்பா சாப்பாட்டை நிறுத்தியது உட்பட. பேட்டியை நீக்கிவிட்டேன் என்பதையும் எழுதினேன்.

செப்டம்பர் 16

மக்ரிப் முடிந்து அப்பா வந்தார். சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"ஹஜ்ரத்கிட்ட பேசினேன். சம்சாரத்தையும் புள்ளைங்களையும் கூட்டிட்டு வந்துடுங்க, பள்ளிக்கூடத்துல சேக்கலாம்னு சொன்னேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"என் கைய புடிச்சிக்கிட்டு நின்னாரு."

அப்பாவும் அவரிடம் வேறொன்றும் சொல்லவில்லையாம். போதும். கமிட்டிக்காரர் மொழியில் இதுதான் அந்த ஒரு வார்த்தை. ரம்ஜானுக்கு முன்னால் குடும்பத்தோடு வந்துவிடுகிறாராம்.

அக்டோபர் 3. வெள்ளி

டேனியலிடமிருந்து நீண்ட செய்தி. மூன்று முறை படித்துவிட்டேன்.

நேற்று அவர்களுக்குப் பாவமன்னிப்பு நாள். அதற்கு முன்னால் யாரிடம் தவறினோமோ அவர்களிடம் போய் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். கடவுளிடம் கேட்டால் மட்டும் ஆகாது. அந்த ஆள் செத்துப்போயிருந்தால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பத்துப் பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போய், அவர்கள் எதிரில் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

மிரியம் அம்மா செவ்வாய்க்கிழமை போயிருக்கிறார். சக்கர நாற்காலியில். டேனியல் அக்கம்பக்கத்தில் ஆள் சேர்த்திருக்கிறார். பத்தாவது ஆள் கிடைக்காமல், பிளாக்மனின் சொந்தப் பேரனே வந்து நின்றானாம். கல்லறை எதிரில் அம்மாள் சொன்னதை டேனியல் எழுதியிருந்தார்: "ஐசக் பிளாக்மன், எழுபத்தைந்து வருடமாக உங்களைப் பற்றித் தவறாகப் பேசினேன். என் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். மன்னியுங்கள்." கொஞ்சம் நின்று, "ஆனால் நீங்கள் தொப்பியைக் கழற்றியிருக்கலாம்" என்றாராம். பத்துப் பேரும் சிரித்துவிட்டார்களாம், அழுதுகொண்டே.

கடைசி வரி: 'பேட்டியைத் திரும்பச் சேர்க்கச் சொல்கிறார். திருவண்ணாமலையில் இருக்கும் முத்தவல்லிக்கு சலாம் சொல்லச் சொன்னார். டாக்டரைச் சீக்கிரம் முடிக்கச் சொன்னார்.'

வகுப்பு எடுக்கப் போக வேண்டும். முகம் கழுவிக்கொண்டு போகிறேன்.

அக்டோபர் 18

இயலை அடியோடு மாற்றி எழுதினேன். தலைப்பு போயிற்று, தோரணம் போயிற்று. கமிட்டியில் வில்லன் யாரும் இல்லை இப்போது. எதிர்த்துப் பேசிய மூன்று பேருக்கும்கூட அவர்கள் நியாயத்தைக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகளுக்குப் புரிகிற பாஷையில் பேசுகிற ஆள் வேண்டும் என்று கேட்பது குற்றமா? பக்க அமைப்பு ஜுபைர்தான் செய்கிறான். எனக்கு அந்தக் கணினி வித்தையெல்லாம் வராது. காஸாவைப் பற்றி எங்கள் சண்டை தீரவில்லை; ஆனாலும் ஆபாவின் அடிக்குறிப்பு கோணலாக இருந்தால் அவனுக்குப் பொறுக்காது.

மூன்றாம் இயலை அவன் நேராக்கிக்கொண்டிருந்தபோது அடுப்படியில் இருந்தேன். கீபோர்டுச் சத்தம் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். படித்துக்கொண்டிருந்தான். கூரை வருகிற பக்கத்துக்குத் திரும்பிப் போய் இன்னொரு முறை படித்தான்.

அக்டோபர் 29. புதன்

கொடுத்தாயிற்று!

கோதண்டராமன் சார் கையெழுத்துப் போடும்போது, "ரப்பி அர்ச்சகர் இல்லனு ஒத்துக்கறேன்மா. ஆனா அந்த பிளாக்மன் யாருனு எனக்கு நல்லாத் தெரியும். எங்க கோயில் கட்டளைதாரர் ஒருத்தர் அச்சு அசல் அதேதான்" என்றார். ஆறு வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு இது.

ஒரு பிரதியை அப்பா கடைக்குக் கொண்டுபோய்விட்டார். திருகாணி வாங்க வந்தவரிடம், "நம்ம பொண்ணு எழுதுனது. யூத ஹஜ்ரத்துங்களப் பத்தி. தமிழ்ல" என்று காட்டினாராம். பக்கத்துக் கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். அப்பாவிடம் கேட்டால் தூசி தட்டினேன் என்கிறார்.

டிசம்பர் 3

தீபம். ஊர் கொள்ளாத கூட்டம். ஹஜ்ரத் எங்கள் மொட்டை மாடியிலிருந்து மலையைப் பார்த்தார். "எவ்ளோ ஜனங்க!" என்றார். தமிழில்.

பிப்ரவரி 8, 2026. ஞாயிறு

இன்றையதை எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

அப்பா வேலூரில். முழங்கால் ஆபரேஷன் முடிந்து நன்றாக இருக்கிறார்; நாலு நாளில் வீட்டுக்கு விட்டுவிடுவார்கள். பள்ளிவாசல் மாடியில் இப்போது பெயிண்ட் வேலை. அதனால் முத்தவல்லி இல்லாமலே எங்கள் வீட்டில் கூட்டம். ரம்ஜானுக்கு இன்னும் பத்து நாள்தான், அதற்குள் முடிவு செய்துவிட வேண்டும் என்று அப்ரோஸ் எல்லோருக்கும் போன் போட்டுச் சேர்த்திருந்தான். வாணியம்பாடி மதரஸாவில் ஓதிய, தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பார்த்தும் வைத்திருக்கிறான்.

ஹஜ்ரத்தின் மனைவியும் மூன்று பிள்ளைகளும் நேற்று பாட்னாவில் ரயில் ஏறிவிட்டார்கள். நாளை காட்பாடியில் இறங்குவார்கள்.

அப்ரோஸ் நேராக விஷயத்துக்கு வந்தான். "பாஷா பாய் இருந்தா இன்னிக்கும் மோட்டார்ம்பாரு. கை தூக்கிடலாம், முடிச்சிடலாம்." நாலைந்து தலைகள் ஆடின. தஸ்தகீர் மாமூ தரையைப் பார்த்தார். ஜுபைர் சுவரோரம் உட்கார்ந்திருந்தான், வாய் திறக்கவில்லை. ஆரம்பித்து வைத்தவனே அவன்தான். இப்போது எப்படித் திறப்பான்?

அடுப்படியில் டீ பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்தேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குள் போனேன். கூட்டம் நடக்கும்போது நான் ஒருநாளும் உள்ளே போனதில்லை. கதவருகே வைத்துவிட்டு வந்துவிடுவேன். பேச்சு நின்றது. தஸ்தகீர் மாமூவுக்கு முதல் தம்ளரைக் கொடுத்தேன். இடுகாட்டுச் சுவர்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"மாமூ, கபரஸ்தான் காம்பவுண்டு சுவர் சாஞ்சிருக்குனு சொல்றாங்களே, பாத்தீங்களா?"

மாமூ என்னைப் பார்த்தார். தம்ளரைக் கீழே வைத்தார்.

"சாயாம? நான் அன்னிக்கே சொன்னேன், அந்த கான்ட்ராக்டர் கிட்ட குடுக்காதீங்கனு. சிமெண்டா அது? சாம்பல்!"

"மாமூ, அத அப்பறம் பேசலாம்" என்றான் அப்ரோஸ்.

"என்னத்த அப்பறம்? மய்யித்து மேல விழுந்தா அப்பறம் பேசுவியா?"

அப்ரோஸ் விடுவதாக இல்லை. மறுபடி ஹஜ்ரத் பெயரை எடுத்தான். மாமூவுக்கு மூச்சு வாங்கியது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்து என்ன சொல்வது? அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு எழுதத்தான் தெரியும்.

அப்போது சுவரோரமிருந்து ஜுபைர் நிமிர்ந்தான். அப்ரோஸைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். முகத்தில் சிரிப்பெல்லாம் இல்லை.

"சுவர் எந்தப் பக்கம் ஆபா சாஞ்சிருக்கு? கெழக்கா, மேக்கா? அளந்து பாக்காம விட்டா தப்பாயிடும். கொஞ்சம் வெவரமா சொல்லு."

சொன்னேன். விவரமாகச் சொன்னேன். கிழக்குப் பக்கம், மேற்குப் பக்கம், வேப்பமரத்து வேர், போன மழை. மாமூ இடையிடையே கான்ட்ராக்டரைத் திட்டினார். ஜுபைர் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டான். ஒரு பேப்பரை வாங்கிப் படமே வரைந்தான். டீ ஆறிப்போயிற்று.

பாங்கு கேட்டது. ஹஜ்ரத்தின் குரல். எல்லோரும் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார்கள். அவர் விஷயம் அடுத்த மாதத்துக்கு.